சரிபார்த்தவர்

கப்பலில் ஏறிய முதல் நாளே உயிர்காப்புச் சட்டை ஒத்திகை ஒன்று நடத்தினார்கள். சென்னைத் துறைமுகத்தில் புறப்பட்டு, இலங்கையைத் தொட்டுவிட்டு, ஐந்து நாளில் திரும்பும் உல்லாசக் கப்பல். மகள் ஏற்பாடு செய்த பயணம். "அப்பா, நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், சும்மா உக்காந்துட்டு வாங்க" என்று சொல்லித்தான் ஏற்றினாள். சும்மா உட்காருவதில் எனக்குப் போதிய பயிற்சி இல்லை. ஒத்திகையில் தலைகளை எண்ணினார்கள். எண்ணியவர் கீழே கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்து இல்லாத எண்ணிக்கை எண்ணாததற்குச் சமம் என்று மருமகனிடம் சொன்னேன். "ம்ம்" என்றார். நல்ல மனிதர். என் பேச்சு ஒன்றுக்கு எத்தனை "ம்ம்" போட்டால் அது முடியும் என்று கணக்குத் தெரிந்தவர்.

ஒத்திகை நடந்த பத்தாவது தளத்தில் ஒரு பச்சைப் பலகை இருந்தது. நான்கு மூலைகளிலிருந்தும் நான்கு அம்புகள், நடுவில் நெருக்கியடித்து நிற்கும் நான்கைந்து வெள்ளை மனிதர்கள். ஆபத்து என்றால் எல்லோரும் இங்கே வந்து கூடுங்கள் என்று அர்த்தம். தொழிற்சாலையில் வேலை பார்த்த யாருக்கும் அந்தப் பலகை தெரியும். அசெம்பிளி பாயிண்ட் என்போம்.

மறுநாள் சாயங்காலம் ஒலிபெருக்கியில் ஒரு பெண் பேசினாள். இன்று ஏழு மணி பத்து நிமிடத்துக்கு விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேல் கடந்து செல்லும், பார்க்க விரும்புகிறவர்கள் பத்தாவது தளத்தின் பின்பக்கம் வரலாம். மகளும் மருமகனும் என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்கள். எங்கே நிறுத்தினார்கள் என்றால், அந்தப் பச்சைப் பலகைக்குக் கீழே. பக்கத்தில் ஒரு காற்றுத் துவாரம். அதிலிருந்து வெதுவெதுப்பாக ஒரு வாசனை வந்தது. கீழே எங்கோ சலவைக்கூடம் இருக்கிறது. ஈரத் துணியில் நீராவி பட்ட வாசனை.

நீராவிக்கு வாசனை கிடையாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். பாய்லர் பக்கத்தில் நின்றவர்கள் சொல்ல மாட்டார்கள். ஒரு கையால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மகள் "தலை சுத்துதாப்பா?" என்றாள். கப்பல்தான் ஆடுகிறது என்று சொன்னேன். கப்பல் ஆடவில்லை.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற வழியில் எங்கள் ஆலை இருந்தது. கார்களுக்கு ரப்பர் குழாய் செய்வோம். பச்சை ரப்பரைக் குழாயாக இழுத்து, அச்சில் மாட்டி, ஒரு பெரிய இரும்பு உருளைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தி நீராவி விட்டால் வெந்து கெட்டியாகி வரும். அந்த உருளைக்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. நான் எழுதிய கோப்புகளில் மட்டும் அந்தப் பெயர் இருந்தது. ஆட்கள் அதைக் குக்கர் என்பார்கள். "குக்கர் ஏத்தியாச்சா?", "குக்கர் எறக்க நேரமாச்சு". வெந்த ரப்பரின் நாற்றம் சட்டையில் ஏறினால் மூன்று சலவைக்கும் போகாது. தாம்பரத்திலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு ஏறினாலும் இது நம் பஸ்தான் என்று தெரியும். என் மனைவி என் சட்டைகளுக்குத் தனிக் கொடி கட்டியிருந்தாள். மற்ற துணிகளோடு அவற்றுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

நான் அங்கே நிர்வாக அதிகாரி. தொண்ணூறுகளின் கடைசியில் தரச் சான்றிதழ்க் காய்ச்சல் அந்த வட்டாரம் முழுக்கப் பரவியது. எது செய்தாலும் எப்படிச் செய்வது என்று எழுதி வைக்க வேண்டும், எழுதியபடியே செய்ய வேண்டும், செய்ததையும் எழுதி வைக்க வேண்டும். அந்தக் காய்ச்சல் எனக்கு மட்டும் ஆரோக்கியமாக இருந்தது. வெளியே போகும் சீட்டு மூன்று பிரதி. வெள்ளை காவலருக்கு, மஞ்சள் மேற்பார்வையாளருக்கு, இளஞ்சிவப்பு எனக்கு. கழிவறை சுத்தம் செய்வதற்கு இரண்டு பக்கம். தீப்பிடித்தால் எப்படி ஓடுவது என்பதற்கு ஏழு பக்கம். அதைப் படித்து முடிப்பதற்குள் ஆலை எரிந்துவிடும் என்று ஆலை மேலாளரே சொல்லியிருக்கிறார். எல்லாப் படிவத்தின் அடியிலும் இரண்டு கட்டங்கள் இருக்கும். இடப்பக்கம் "தயாரித்தவர்". வலப்பக்கம் "சரிபார்த்தவர்". இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் அந்தத் தாள் வெறும் தாள். பிறர் எழுதியதில் தப்பு கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை நான் மிகவும் விரும்பினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் நஷ்டமில்லை.

சேவியரை நான் சரியாகப் பார்த்தது அசெம்பிளி பாயிண்டில்தான். பாய்லர் அறைக்குப் பின்னால், கிடங்கைத் தாண்டி, ஒரு காலி இடம். அங்கே இதே பச்சைப் பலகை. அன்று வேலை முடிந்து பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தேன். பலகைக்கு அடியில் ஒருவர் கழுத்தைப் பின்னால் மடக்கி நின்றுகொண்டிருந்தார். இரண்டாவது ஷிப்டின் பாய்லர் பணியாளர்; தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், என் வயதுக்கு நாலைந்து குறைவு. வேலைக்குச் சேரும்போது அவர் சான்றிதழை நான்தான் வாங்கி வைத்தேன். முகத்தைவிடச் சான்றிதழ் எனக்கு நன்றாக நினைவிருந்தது.

"இங்க கூடுறதுக்கு முன்னாடி மணி அடிக்கணும்" என்றேன். நகைச்சுவை என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"இதுக்கு மணி கெடையாது சார். தன்னால வருது. அந்தா."

வாலாஜாபாத் பக்கம் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு புள்ளி ஏறி வந்தது. விமானம் மாதிரி மினுக்கவில்லை, சத்தமில்லை. யாரோ விளக்கை ஏந்திக்கொண்டு அவசரமில்லாமல் மாடியைக் கடப்பதுபோல் எங்கள் தலைக்கு மேல் வந்து, தாண்டி, பாதி வானத்தில் அணைந்துபோனது. ஐம்பது வயது வரைக்கும் நான் வானத்தைப் பார்த்தது குடை எடுக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கத்தான்.

"உள்ள ஆளு இருக்கு சார் அதுல" என்றார் சேவியர். "மூணு பேரு."

அதற்குப் பிறகு மெல்ல மெல்லத் தெரிந்துகொண்டேன். ஏழு வருடம் உல்லாசக் கப்பலில் சலவைக்கூடத்தில் இருந்தவர். பயணிகள் நடமாடும் தளத்துக்கு அவர்கள் வரக் கூடாது. பின்பக்கம், தண்ணீருக்குக் கிட்டத்தில், கயிறு சுற்றி வைக்கும் சின்னத் தளம் ஒன்று அவர்களுக்கு. வேலைக்கு நடுவில் அங்கே வந்து வேர்வையை ஆற்றிக்கொள்வார்கள். நடுக்கடலில், சூரியன் இறங்கின பிறகு, அங்கே நின்றுதான் அவர் முதன்முதலில் பார்த்தது. ஒன்றல்ல, இரண்டு. ரஷ்யாக்காரனின் நிலையம் ஒன்று, அதைவிட்டுப் பிரிந்து வந்த அமெரிக்க விண்வெளி ஓடம் ஒன்று.

"முன்னால ஒருத்தன் கோவிச்சிக்கிட்டுப் போறான், பின்னாலயே ஒருத்தன் சமாதானம் சொல்லிக்கிட்டுப் போறான். அப்படி இருந்துச்சு சார். கடைசி வரைக்கும் அவன் திரும்பிப் பாக்கவே இல்ல."

கப்பலை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். கேட்டது நானில்லை, படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: முந்தைய வேலையை விட்ட காரணம். அதில் அவர் "சொந்தக் காரணம்" என்று எழுதியிருந்தார். வாய்வழியே வந்த காரணம் வேறு. ஒன்பது மாதம் கழித்து வீட்டுக்குப் போயிருக்கிறார். கதவைத் திறந்த மூத்த மகளுக்கு அப்போது நாலு வயது. உள்ளே திரும்பிச் சத்தம் கொடுத்திருக்கிறாள்.

"'எம்மா, ஒரு மாமா வந்திருக்காங்க'ன்னா சார். பெட்டியக் கூட கீழ வைக்கல நானு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இனி தண்ணிப் பக்கம் கெடையாது." கரைக்கு வந்து, பாய்லர் பரீட்சை எழுதி, சான்றிதழ் வாங்கி, மனைவியையும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மாடி வீட்டில் குடியேறியிருந்தார். அதற்கு மேல் அவருக்கு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. சாப்பாட்டு வேளையில் வீட்டில் இருக்கிற அப்பாவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு கணினிக்கு இணையத் தொடர்பு இருந்தது. ஃபேக்ஸ் போகாத நேரத்தில், கரகரவென்று கத்திவிட்டு, மனமிருந்தால் இணையும். செயற்கைக்கோள்கள் எந்த ஊரை எத்தனை மணிக்குக் கடக்கும் என்று சொல்லும் இணையதளம் ஒன்று இருப்பதாகச் செய்தித்தாளில் படித்தேன். தேடிப் பிடித்தேன். அதில் ஊரைத் தேர்ந்தெடுத்தால் நம் நேரத்திலேயே காட்டும் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். எனக்குக் கிடைத்தது கிரீன்விச் நேரம். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டி, மாதத்துக்கு ஒரு பட்டியல் தயாரித்துச் சேவியரிடம் கொடுப்பேன்.

சும்மா கொடுக்க மனம் வரவில்லை. காலாவதி முத்திரை குத்திய பழைய படிவங்களின் பின்பக்கத்தில் அச்சடித்து, "வான்-01" என்று எண் போட்டு, அடியில் வழக்கமான இரண்டு கட்டங்களையும் போட்டேன். தயாரித்தவர் கட்டத்தில் என் சுருக்கொப்பம். சேவியர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரிபார்த்தவரு யாரு சார்?"

"அதான் பிரச்சினை. அது காலியா இருந்தா செல்லாது."

"நான் இருக்கேன்லா. மானத்தப் பாத்துட்டுப் போடுதேன்."

அப்படியே செய்தார். ஒவ்வொரு முறை புள்ளி கடந்ததும் அந்த வரிக்கு நேரே பென்சிலால் ஒரு சிறு கோடு. மேகம் என்றால் ஒரு வட்டம். மாதக் கடைசியில் வலப்பக்கக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த பட்டியலை வாங்கிக்கொள்வார். அந்த ஆலையில் நான் எழுதியபடி பிசகாமல் நடந்த நடைமுறை அது ஒன்றுதான்.

அந்த ஐந்தரையைப் பற்றி அவருக்கு ஒரு கதை உண்டு. கப்பலில் ஊருக்கு ஊர் கடிகாரத்தை ஒரு மணி முன்னும் பின்னும் திருப்பிவைப்பார்கள். "எல்லாரு ஊரும் முழு மணியில இருக்கு சார். நம்ம ஊரு மட்டுந்தான் அரை மணியில தொங்குது. கூட வேலை பாக்கவனுக சிரிப்பானுவ, ஒங்க ஊருக்காரனுக்கு மட்டும் அரை மணி எங்கடா போச்சுன்னு."

நானும் சிரித்தேன்.

வாசல் காவலர் முனுசாமி ஒரகடத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். ஆலை நிற்கிற இடத்தில் தன் சித்தப்பா வேர்க்கடலை போட்டதாக அடிக்கடி சொல்வார். எங்கள் இருவரையும் அந்தப் பலகைக்கு அடியில் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. "இன்னா சார், ரெண்டு பேரும் மானத்துல இன்னாத்த தேடிகினு கீறீங்க? காக்கா எதனா தூக்கினு பூட்ச்சா?"

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பாய்லர் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் பணியாளர் அதைவிட்டு அகலக் கூடாது. சட்டம் அது. எங்கள் ஆலைக்கான வாசகத்தை எழுதியவன் நான். "நாலு நிமிஷம் சார். கண்ணாடியில தண்ணி அளவு பாத்துட்டுத்தான் வாரேன்" என்பார் சேவியர். நாலு நிமிடத்தில் எதுவும் ஆகாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விதியை எழுதியவனே விதியை மீறுவதற்கு நேரம் குறித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், மாதா மாதம், சுருக்கொப்பத்தோடு.

இரண்டாயிரத்து ஒன்று மாசி மாதத்தில் ஓர் ஓடம் மேலே போய்ப் புது நிலையத்தோடு சேர்ந்து, பிரிந்து வரப்போவதாகச் செய்தி. அப்படியென்றால் ஒரு சாயங்காலம் இரண்டு புள்ளியும் தெரியும். சேவியர் பத்து நாளாக அதையே பேசினார். வீட்டில் மொட்டை மாடியில் மனைவியையும் பெண்களையும் நிற்கச் சொல்லியிருந்தார். "அங்க நின்னு அவளுவ பாப்பாளுவ, இங்க நின்னு நான் பாப்பேன். கப்பல்ல பாக்கும்போது இவளுவ இல்லேன்னு இருந்துச்சு சார்." பிறகு, "நேரம் மட்டும் கரெக்ட்டா சொல்லிருங்க. கேப்டன் கணக்கு தப்பும், ஒங்க கணக்கு தப்பாது" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை தணிக்கைக்காரர்கள் வருவதாக இருந்தது. என் மேஜையில் பிற துறைகளின் படிவங்கள். அந்த மாதப் பட்டியலைப் போட்ட அன்று மட்டும் நாற்பது பிழை பிடித்திருந்தேன், கிடங்குக்காரரை எல்லோர் முன்னாலும் வைத்து, "தேதி எழுதத் தெரியாதவர் சரக்கை எப்படி எண்ணுகிறீர்கள்?" என்று கேட்டேன். அதற்கு நடுவில்தான் பட்டியலை முடித்தேன். இரண்டு புள்ளியும் வரும் நாளுக்கான வரியில் கிரீன்விச் நேரம் 13.35. கூட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஐந்து கூட்டியிருந்தேன். பேசி முடித்து வந்து அடுத்த வரிக்குப் போனேன். 6.35 என்று தாளில் விழுந்தது. மற்ற எல்லா வரியும் சரி. அந்த ஒரு வரியில் மட்டும், சேவியரின் சகாக்கள் கேட்ட அந்த அரை மணி எங்கோ போய்விட்டது.

அந்த நாள் சாயங்காலம் நான் கூட்ட அறையில் கோப்புகளுக்கு நடுவில் இருந்தேன். ஆறு முப்பத்தைந்துக்குக் கடிகாரத்தைப் பார்த்து, சேவியர் இப்போது பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்ளவும் செய்தேன். ஆறு ஐம்பதுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு நின்றுபோயிருக்கிறது. பாய்லரில் தண்ணீர் குறைந்து, அபாய மணி அடித்து, அது அடிப்பதை அணைக்க ஆளில்லாமல், கடைசியில் இயந்திரம் தானே தன்னை நிறுத்திக்கொண்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆவி இல்லாமல் குக்கரில் இருந்த குழாய்கள் எல்லாம் பாதி வெந்தும் வேகாமலும் நின்றுவிட்டன. மறைமலை நகர் கார் ஆலைக்கு மறுநாள் காலை போக வேண்டிய சரக்கு அது. மேற்பார்வையாளர் பாய்லர் அறைக்கு ஓடினார். அறையில் யாரும் இல்லை. கிடங்குக்குப் பக்கத்தில் கம்ப்ரசர் ஓடும் சத்தத்தில் அபாய மணி அசெம்பிளி பாயிண்ட் வரை கேட்காது.

ஏழு எட்டுக்குச் சேவியர் திரும்பி வந்தார்.

ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, வரவில்லை என்று உள்ளே போயிருக்கலாமே என்று எல்லோரும் கேட்டார்கள். நான் மட்டும் கேட்கவில்லை. ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியும். பட்டியல் தப்பாது. இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று ஒவ்வொரு நிமிடமாக அரை மணி நேரம் நின்றிருக்கிறார். ஏழு ஐந்துக்கு அது வந்தது. சரியாக அரை மணி பிந்தி அது வந்த கணத்திலேயே, என்ன நடந்திருக்கிறது என்று அந்தக் கப்பல்காரருக்குப் புரிந்திருக்கும்.

எனக்கு மறுநாள் காலை புரிந்தது. தாளை எடுத்து ஒரு முறை கூட்டினேன். பிறகு விரல்விட்டுக் கூட்டினேன்.

ஆலை மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "யாரா இருந்தாலும் சரி, புரொசீஜர் என்ன சொல்லுதோ அதைப் பண்ணுங்க. எழுதினவர் நீங்கதானே." செய்தேன். தற்காலிகப் பணிநீக்கக் கடிதம், விளக்கம் கேட்கும் குறிப்பாணை, குற்றச்சாட்டு, உள்விசாரணைக்கு அறிவிப்பு. ஒன்றிலும் ஓர் எழுத்துப்பிழை கிடையாது. தற்காலிகமாக நீக்கப்பட்டவர் தினமும் வாசலுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பதும் என் ஏற்பாடுதான். முதல் வாரத்தில் ஒரு நாள் முனுசாமி வந்தார்.

"சேவியர் அண்ணன் வந்து கையெழுத்துப் போட்டுச்சு சார். உங்களாண்ட எதனா சொல்லணுமான்னு கேட்டேன். ஒண்ணியும் இல்லன்னுச்சு. நீங்க ஒருவாட்டி வெளிய வந்து பேசுனா இன்னா சார்?"

விசாரணை நடக்கும்போது தனியாகப் பேசுவது முறையல்ல என்றேன். அதுவும் உண்மைதான். உண்மைகள் எப்போதும் எனக்கு உதவிக்கு வந்தன.

விசாரணை அதிகாரி காஞ்சிபுரத்து வக்கீல். நிர்வாகத் தரப்பில் கேள்வி கேட்க வேண்டியவன் நான். உதவிக்குச் சக தொழிலாளி ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்று சேவியருக்கு வாசித்துக் காட்டினேன். "வேண்டாம் சார். நின்னது நான் ஒருத்தன்தான" என்றார்.

"சம்பவ நாளில் மாலை 6.33 முதல் 7.08 வரை நீங்கள் பாய்லர் அறையில் இல்லை. ஒப்புக்கொள்கிறீர்களா?"

"ஒத்துக்கிடுதேன்."

"எங்கே இருந்தீர்கள்?"

"வெளிய நின்னேன்."

"எதற்கு?"

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. நான் சொல்வேனா என்று ஒரு நொடி காத்திருந்தார், அவ்வளவுதான். அந்தத் தாள் அவர் சட்டைப் பையில் இருந்திருக்கலாம். எடுத்து மேஜையில் போட்டிருந்தால், என் கையெழுத்து, என் எண், என் 6.35. நான் தாளில் அடுத்த கேள்வியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"காத்து வாங்க" என்றார்.

"முப்பத்தைந்து நிமிடமா?" இது வக்கீல்.

"காத்து லேட்டா வந்துச்சு சார்."

மேற்பார்வையாளர் சிரித்துவிட்டார். வக்கீலும் சிரித்துக்கொண்டே எழுதினார்: காற்று தாமதமாக வந்ததாகக் கூறுகிறார். அந்த அறையில் சிரிக்காதவர்கள் இரண்டு பேர்.

நான் சொல்லியிருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று இத்தனை வருடமும் யோசித்திருக்கிறேன். கணினியைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தியதற்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். அதன் மாதிரியை நானே எழுதி வைத்திருந்தேன். என் பெயரை நிரப்ப வேண்டியதுதான் பாக்கி. அவர் வேலை பிழைத்திருக்கும். அவ்வளவு மலிவு. வேலை போய்விடும் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால்கூட ஒரு மனிதனுக்குரிய காரணமாக இருந்திருக்கும். என் காரணம் அதுவல்ல. கிடங்குக்காரர் முன்னால், எனக்கு ஐந்தரை கூட்டத் தெரியவில்லை என்று நிற்க முடியவில்லை.

குற்றம் நிரூபணமானது. இறுதிக் குறிப்பில், "இவரது முந்தைய பணிப் பதிவில் குறை ஏதும் இல்லை" என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரியைப் பெரிய உபகாரமாக நினைத்துக்கொண்டு அன்று வீட்டில் நன்றாகச் சாப்பிட்டேன். மேலாளர் அந்த வரியைப் படித்துவிட்டு, கீழே பணிநீக்கம் என்று எழுதினார்.

வேலையிலிருந்து போகிறவர் எல்லாத் துறையிலும் நிலுவை இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். கிடங்கு, கேன்டீன், பாதுகாப்பு, நூலகம். எங்களிடம் நூலகம் கிடையாது. எங்கிருந்தோ பார்த்து எழுதிய படிவம். அந்தக் கட்டத்தில் நானே கையெழுத்துப் போடுவேன். கடைசியாகச் சேவியர் என் மேஜைக்கு வந்தார். பங்குனி மாதம். ரஷ்யாக்காரனின் பழைய நிலையத்தைப் பசிபிக் கடலில் இறக்கிவிட்டதாக அந்த வாரம்தான் செய்தித்தாளில் வந்திருந்தது.

"நான் மொதல்ல பாத்தத எறக்கிட்டாங்க சார்" என்றார். நான் தலையாட்டினேன். நூலகத்தில் கையெழுத்துப் போட்டேன்.

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து வைத்தார். "இதையும் திருப்பித் தரணும்லா. கண்ட்ரோல் காப்பி, வெளிய போவக் கூடாது." வைத்த தாளை விரலால் ஒரு முறை நீவினார். "புள்ளைக ரெண்டும் பாத்துட்டுக சார். ரெண்டு புள்ளியும் தெரிஞ்சுதாம். அரை மணி நேரம் மாடியிலயே நின்னுருக்குக. அவ கீழ வாங்கடின்னாளாம். பெரியவ, 'அப்பா சொன்னா வரும்'னுட்டாளாம்."

"இங்க ஒரு கையெழுத்து" என்று படிவத்தைக் காட்டினேன்.

அவர் போன பிறகு தாளைப் பிரித்தேன். எல்லா வரிக்கும் நேரே பென்சில் கோடு. அந்த வரியில் 6.35-ஐ ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் 7.05 என்று எழுதியிருந்தது. தப்பை அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும் என்பது நான் எல்லோருக்கும் நடத்திய பாடம். அடியில் வலப்பக்கம், சரிபார்த்தவர் கட்டத்தில், மாதக் கடைசியில் போடுவதுபோலவே, அவருடைய கையெழுத்து.

அலுவலகத்தில் தாள் கிழிக்கும் இயந்திரம் புதிதாக வந்திருந்தது. காலாவதியான பிரதிகளை அழித்துவிட வேண்டும் என்று நடைமுறை இருக்கிறது. நடைமுறைக்காகத்தான் அதில் விட்டேன் என்று யாராவது கேட்டால் சொல்லத் தயாராக இருந்தேன். யாரும் கேட்கவில்லை. ரிப்பன் ரிப்பனாகக் கீழே விழுந்தது.

மூன்று மாதம் கழித்து முனுசாமி சொன்னார்: "சேவியர் அண்ணன் வூட்ட காலி பண்ணிகினு ஊருக்குப் பூட்ச்சு சார். பொண்டாட்டி புள்ளைங்கள அங்க வுட்டுட்டு, திரும்பக் கப்பலுக்கே பூட்ச்சாம்." பெரியவளுக்கு அப்போது பத்து வயது இருக்கும். மாமா என்று கூப்பிடும் வயது தாண்டிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. விசாரிக்க வழி இருந்தது. கோப்பில் முகவரி இருந்தது.

ஏழாண்டுக்குப் பிறகு கோப்பையும் அழித்துவிடலாம் என்பது விதி. ஆலையை மூடியபோது எல்லாக் காகிதமும் ஒரே லாரியில் போயிற்று. இப்போது அந்த இடம் சரக்குக் கிடங்கு. அசெம்பிளி பாயிண்ட் இருந்த இடத்தில் கொள்கலன் லாரிகள் திரும்புகின்றன. கோபுர விளக்குகள் எரிகின்றன. அங்கே நின்று அண்ணாந்தால் விளக்குதான் தெரியும். போன வருடம் அந்த வழியாகப் போனபோது காரை நிறுத்திப் பார்த்தேன். முனுசாமி இறந்து வெகுநாளாகிவிட்டது. காக்கா என்ன தூக்கிக்கொண்டு போனது என்று கேட்க யாருமில்லை.

இந்தக் கப்பலில் ஏறியதும் அறைப் பணியாளரிடம் கேட்டேன், சலவைக்கூடத்தில் சேவியர் என்று யாராவது உண்டா என்று. மூன்று பேர் இருக்கிறார்களாம். மூவரும் கோவாக்காரர்கள், முப்பதுக்குள். எங்கள் சேவியர் இருந்தால் எழுபதைத் தொட்டுக்கொண்டிருப்பார். எந்தக் கப்பலிலும் அந்த வயதுக்கு ஆள் வைப்பதில்லை. அந்த விதியும் எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

"அப்பா, வருது பாருங்க" என்றாள் மகள். பத்தாவது தளம் முழுக்கக் கைப்பேசிகள் உயர்ந்தன. நான் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து கீழே பார்த்தேன். வெகு கீழே, தண்ணீருக்குக் கிட்டத்தில், சுற்றிவைத்த கயிறுகளுக்கு நடுவில், வெள்ளைச் சட்டை போட்ட நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் கழுத்தைப் பின்னால் மடக்கி மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கையை நீட்டி இன்னொருவனுக்குக் காட்டினான். அவன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. அந்தா என்று சொல்லியிருக்கலாம்.

நான் மேலே பார்த்தபோது அது ஏறக்குறைய அணைந்துகொண்டிருந்தது. ஒற்றைப் புள்ளி. இதையும் இன்னும் சில வருடத்தில் கடலில் இறக்கப்போகிறார்களாம்.

"டைம் கரெக்ட்டா சொல்லிட்டாங்கல்லப்பா?" என்றாள் மகள்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "யாரோ சரிபார்த்திருக்காங்க" என்றேன்.

"ம்ம்" என்றார் மருமகன்.

மறுபடி கீழே குனிந்து பார்த்தேன். கயிற்றுத் தளம் காலியாக இருந்தது. நாலு நிமிடம் முடிந்ததும் எல்லோரும் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள்.